கார் லீஸா, சொந்தமா? வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வியாசர்பாடியில் என் பெரியப்பா இருப்பது லீஸ் வீடு. ஐந்து லட்சம் கொடுத்து மூன்று வருட அக்ரிமெண்ட். மாத வாடகை கிடையாது. காலி செய்யும் நாளில் அந்த ஐந்து லட்சம் அப்படியே கைக்கு வந்துவிடும். என் மச்சான் கார் லீஸ் எடுக்கப்போவதாகச் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: "எவ்ளோ குடுக்கணும் மாப்ள? முடிஞ்சதும் முழுசா திரும்பி வந்துடும்ல?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊரில் வீட்டு லீஸ் என்றால் ஒத்தி. பணம் மொத்தமாகப் போகும், மொத்தமாகத் திரும்பும். கார் லீஸ் நேர் எதிர். மொத்தமாக அதிகம் கேட்க மாட்டார்கள், மாதாமாதம் போகும், போனது போனதுதான். நீண்ட கால வாடகை என்பதுதான் அதற்குச் சரியான பெயர். அந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போடும் முன் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

மச்சான் மூன்று வருடம் லீஸ் கார் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நான் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, நாலு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றை லோனில் வாங்கி இன்னும் ஓட்டுகிறேன். இரண்டு பேரும் பட்டதை வைத்துச் சொல்கிறேன்: நம் பக்கத்தில் இந்த முடிவை எடுக்கவேண்டியது கார் இரவில் நிற்கும் இடத்தையும், மழைக்காலத்தில் அந்த இடத்தில் நிற்கும் தண்ணீரையும் பார்த்துத்தான். மாதத் தவணை அதற்கு அப்புறம் வருகிற கணக்கு. அதனால்தான் இந்த வழிகாட்டியிலும் நிற்கும் இடம் கணக்குக்கு முன்னால் வருகிறது; தண்ணீர், இன்சூரன்ஸோடு சேர்ந்து எட்டாம் படியில்.

முதல் படி: கார் வேண்டுமா என்று ஒரு வாரம் யோசியுங்கள்

இதை நீட்ட விரும்பவில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூரில் ஏறி விமான நிலையத்தில் இறங்கலாம். உங்கள் அலுவலகம் அந்தத் தடத்தில் இருந்தால் கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். கீழே வரும் கணக்குப்படி ஒரு சின்னப் புதுக் கார் பெட்ரோல் போடாமலே மாதம் 14,000 ரூபாய் தின்கிறது. அந்தப் பணத்துக்கு எத்தனை கால் டாக்ஸி, எத்தனை முறை வார இறுதி வாடகைக் கார் என்று கணக்குப் போடுங்கள். வீட்டில் வயதானவர்கள், டயாலிசிஸ், கைக்குழந்தை என்று இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

இரண்டாம் படி: கார் எங்கே தூங்கும்?

லீஸ் முடிந்து காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரு ஆள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கையில் டார்ச், போன், ஒரு படிவம். நியாயமான தேய்மானம் போக மற்ற கீறல், நசுங்கல் எல்லாவற்றுக்கும் விலை போடுவார். ஒப்பந்தத்தில் இது ஒரு பத்திதான். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் கார் நிறுத்துகிறவருக்கு மொத்த ஒப்பந்தத்திலேயே முக்கியமான பத்தி.

நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் பல தெருக்களில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தாலே ஒருவர் கால் ஊன்ற வேண்டும். அதில் ஓரமாக ஒரு கார். காலையில் தண்ணீர் லாரி, அப்புறம் மீன்பாடி வண்டி, சாயங்காலம் பசங்களின் கிரிக்கெட். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. செய்தவர் யார் என்றும் தெரியாது. மெயின் ரோட்டுக்கு வந்தால் எண்ணூர் விரைவு சாலையிலும் மணலி விரைவு சாலையிலும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் வரிசை. பெரம்பூர், அயனாவரம், மாதவரம் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையில் குறுகிப்போன ரோடுகள்.

கடற்காற்று தனி விஷயம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய தெருக்களில் கதவின் அடிப்பக்கம், சைலன்சர், அடிச்சட்டம் எல்லாம் சீக்கிரம் துருப் பிடிக்கும். எண்ணூர்ப் பக்கம் காலையில் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசு படியும். காய்ந்த துணியால் அதைத் துடைத்தாலே பெயிண்டில் கோடு விழும்.

மச்சானுக்கு வந்த பில் 38,000 ரூபாய். பம்பர் ஒன்று, கதவு இரண்டு, ஒரு அலாய் வீல். நம்ம ஏரியா டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் பன்னிரண்டாயிரத்தில் முடிந்திருக்கும். "திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே வெளியில செஞ்சிருக்கலாமே" என்றேன். ஒப்பந்தப்படி அவர்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டுமாம். கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. இவன் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, கொளத்தூரிலோ மாதவரத்திலோ மூடிய பார்க்கிங் உள்ள அடுக்குமாடியில் இருக்கிறீர்களா, லீஸ் பற்றி யோசிக்கலாம். கார் தெருவில் நிற்கும் என்றால் சொந்தக் கார். முடிந்தால் ஏற்கெனவே இரண்டு கீறல் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார். சொந்தக் காரில் கீறலோடு வாழலாம். விற்கும்போது கொஞ்சம் விலை குறையும், அதையும் பேசிச் சமாளிக்கலாம்.

மூன்றாம் படி: வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

லீஸில் கிலோமீட்டருக்கு வரம்பு உண்டு. வருடத்துக்கு 10,000, 15,000, 20,000 என்று திட்டங்கள் இருக்கும். தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. குறைவாக ஓட்டினால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

பெரம்பூரிலிருந்து சிறுசேரி சிப்காட் போகிறவர் போக வர ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 22 நாள், வருடம் 21,000 தாண்டும். ஊருக்குப் போவது, திருப்பதி போவது எல்லாம் அதற்கு மேல். இவருக்கு 15,000 திட்டத்தைக் காட்டி மாதத் தொகை குறைவு என்பார்கள். கணக்கு கடைசியில்தான் வரும். அதே பெரம்பூரிலிருந்து அம்பத்தூர் போகிறவர் நாளைக்கு 24 கிலோமீட்டர் ஓட்டினால் வருடம் 6,300தான். இவர் 10,000 திட்டம் எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண்.

மூன்று மாதம் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஓடோமீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். கார் இல்லாதவர் கூகுள் மேப்பில் தன் ஒரு மாத நடமாட்டத்தைக் கூட்டிப் பார்க்கலாம்.

நான்காம் படி: எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?

கார் விலை எப்படிக் குறைகிறது என்று பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான அட்டவணை போதும். புது விலையிலிருந்து முதல் வருடம் முடிவதற்குள் 15 சதவீதம், இரண்டாம் வருடத்தில் மொத்தமாக 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. சந்தை விலை மாடலுக்கு மாடல் மாறினாலும் போகிற திசை இதுதான்.

இதில் சேராத ஒரு நஷ்டமும் உண்டு: சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு ஆயுள் வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பதினைந்து வருடத்துக்கான வரியை முதல் நாளே கட்டிவிடுகிறீர்கள். இரண்டு வருடத்தில் விற்றால் மீதி வரியை வாங்குபவர் உங்களுக்குத் தனியாகத் தரப்போவதில்லை. ஆகவே குறுகிய காலத்துக்குச் சொந்தக் கார் வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான பேரம்.

மூன்று வருடத்துக்குள் சென்னையை விட்டுப் போகப்போகிறவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது மாடல் இல்லாமல் இருக்க முடியாதவர், இவர்களுக்கு லீஸில் நியாயம் உண்டு. ஏழெட்டு வருடம் ஓட்டுவேன் என்பவருக்கு லீஸ் தேவையே இல்லை. லோன் முடிந்த பிறகு வரும் அந்த இரண்டு மூன்று வருடங்கள்தான் சொந்தக் காரின் லாபம். லீஸில் அந்த வருடங்கள் வருவதே கிடையாது.

பக்கவாட்டில் ஒரு விஷயம். 10 லட்சத்தைத் தொடும் விலையில் கார் பார்க்கிறீர்கள் என்றால் வேரியண்டை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 9.9 லட்சத்துக்கு வரி 1,28,700. 10.2 லட்சத்துக்கு 1,83,600. சன்ரூஃபுக்காக முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்தவர் வரிக்கு மட்டும் 55,000 கூடுதலாகக் கட்டுவார்.

ஐந்தாம் படி: வாங்கும் கணக்கு

பேப்பர், பேனா எடுங்கள். இங்கே நான் போடும் எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் கொட்டேஷனில் இருப்பதை அந்தந்த இடத்தில் மாற்றிப் போடுங்கள்.

சின்ன ஹேட்ச்பேக், ஷோரூம் விலை 7,00,000. சாலை வரி 13 சதவீதம், 91,000. முதல் வருட இன்சூரன்ஸ் 37,000. இதில் மூன்று வருடத் தேர்ட் பார்ட்டியும் (நம் காரால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பு) சேர்ந்திருக்கும், புதுக் காருக்கு அது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். பதிவு, ஃபாஸ்டேக், இதர செலவு 7,000. ஆன்ரோடு 8,35,000.

கையிலிருந்து 1,85,000 கட்டி, 6,50,000 லோன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம். இஎம்ஐ சுமார் 13,650. அறுபது மாதத்தில் கட்டுவது ஏறக்குறைய 8,19,000. முன்பணமும் சேர்த்து 10,04,000.

அடுத்த நாலு வருட இன்சூரன்ஸ் 50,000, சர்வீஸ் 40,000, டயரும் பேட்டரியும் 25,000. ஆக 1,15,000. ஐந்து வருடம் கழித்து 3,50,000க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். நிகரச் செலவு 7,69,000.

இதோடு நிறுத்துகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த 1,85,000 முன்பணம் 7 சதவீத டெபாசிட்டில் கிடந்திருந்தால் ஐந்து வருடத்தில் 74,000 வட்டி வந்திருக்கும். அதையும் சேர்த்தால் 8,43,000. அறுபதால் வகுத்தால் மாதம் 14,050. உங்கள் காரின் உண்மையான மாத வாடகை இதுதான்.

லோன் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: வட்டி பிளாட் ரேட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் நிலுவைக்கா (கட்டக் கட்டக் குறையும் மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி)? செகண்ட் ஹேண்ட் கார் ஃபைனான்ஸில் இந்த வித்தை அதிகம். 3 லட்சத்துக்கு மூன்று வருடம் "எட்டே சதவீதம்" பிளாட் என்றால் வட்டி 72,000, தவணை 10,333. குறையும் நிலுவைக் கணக்கில் அது பதினாலரை சதவீதம்.

ஆறாம் படி: லீஸ் கணக்கு

அதே காருக்கு லீஸ் கொட்டேஷன் மாதம் 16,500 என்று வந்திருக்கிறது, இன்சூரன்ஸும் சர்வீஸும் உள்ளடக்கம் என்று வைப்போம். பெரிய எழுத்தில் இருப்பது 16,500. சின்ன எழுத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று இருக்கும். லீஸ் வாடகைக்கு, அந்தக் காரை வாங்கினால் என்ன ஜிஎஸ்டியோ அதே விகிதம். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு சின்னக் காருக்கு, அதாவது நாலு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலில் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ளதற்கு, 18 சதவீதம்; பெரிய காருக்கு 40; மின்சாரக் காருக்கு 5. நம் உதாரணத்தில் 18 சேர்த்தால் 19,470.

அறுபது மாதத்துக்கு 11,68,000. கடைசியில் கையில் கார் இல்லை. வாங்கும் கணக்கைவிட 3,25,000 அதிகம், மாதத்துக்கு 5,400. பதிலாகக் கிடைப்பது: முன்பணம் வேண்டாம், விற்கும் தலைவலி வேண்டாம், சர்வீஸுக்கு அலைய வேண்டாம். அந்த வசதி உங்களுக்கு 5,400 ரூபாய் பெறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பெறவில்லை.

மின்சாரக் காரில் மட்டும் என் சாய்வு மாறும். ஜிஎஸ்டி குறைவு, ஐந்து வருடம் கழித்து பேட்டரி என்ன நிலையில் இருக்கும், என்ன விலைக்குப் போகும் என்கிற கவலை லீஸ் கம்பெனியின் தலையில். ஆனால் தெருவில் நிற்கும் காருக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஒயர் விட்டு சார்ஜ் போட முடியாது. திரும்பவும் இரண்டாம் படிக்கே வந்துவிட்டோம்.

ஏழாம் படி: சம்பளச் சீட்டும் கடைக் கணக்கும்

"லீஸ் எடுத்தா டாக்ஸ் மிச்சம்" என்று ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், எல்லோருக்கும் இல்லை.

கம்பெனி வழியாக லீஸ் எடுத்தால் வாடகை உங்கள் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே கழியும். காரை அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால், எஞ்சின் 1.6 லிட்டருக்கு உள்ளா மேலா என்பதைப் பார்த்து விதியில் சொல்லியிருக்கும் ஒரு சிறு தொகைக்கு மட்டும் வரி. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம், நம் 19,470 வாடகையில் மாதம் சுமார் 6,000 மிச்சம். சிறு தொகைக்கான வரியைக் கழித்தால் நிகர வாடகை 14,000, 15,000க்குள் வந்து நிற்கும். சொந்தக் காரின் 14,050க்குப் பக்கம். இவருக்கு மூடிய பார்க்கிங்கும் இருந்தால் லீஸ் தாராளமாக எடுக்கலாம்.

ஆனால் 2025-26 முதல் புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரியே கிடையாது. வரி இல்லாதவருக்கு எதில் மிச்சம்? அதற்குச் சற்று மேலே, 15 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மாதம் 3,000 ரூபாய்; அதுவும் 5,400 வித்தியாசத்தை மூடாது. 30 சதவீதம் புதிய முறையில் 24 லட்சத்துக்கு மேல்தான். ஆபீஸில் மேனேஜர் லீஸ் எடுத்தார் என்று நாமும் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, வேலை மாறினால்? புதுக் கம்பெனி லீஸை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏற்காவிட்டால் நடுவில் முடிக்கும் கட்டணம் உங்கள் கடைசிச் சம்பளத்திலிருந்து போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறும் ஆள் மூன்று வருட லீஸ் எடுக்கவே கூடாது.

தங்கசாலை, சௌகார்பேட்டை வியாபாரிகளுக்குச் சுருக்கமாக: தொழிலுக்கு ஓடும் காரின் லீஸ் வாடகையைச் செலவாகக் காட்டலாம். சொந்தக் கார் என்றால் வருடம் 15 சதவீதத் தேய்மானமும் லோன் வட்டியும் காட்டலாம். ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு, அதாவது காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது, இரண்டிலும் கிடையாது. 13 பேர் வரை உட்காரும் வண்டிக்குச் சட்டம் தடுத்திருக்கிறது, லீஸுக்கும் சேர்த்து. "ஜிஎஸ்டி கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்" என்று விற்பனையாள் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். வாடகை டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு விதி வேறு, ஆடிட்டரிடம் போங்கள்.

எட்டாம் படி: வெள்ளத்தையும் இன்சூரன்ஸையும் சேர்த்துப் பாருங்கள்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் கார் சீட்டைத் தொட்டது. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவது நமக்குப் புதிதில்லை, ஆனால் அந்த முறை நிரம்பாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வந்தது. தண்ணீர் வடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. நான் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டிக்கு நாலு நாள் காத்திருந்தேன். எனக்குச் சீட்டும் ஒயரிங்கும் போயின, எஞ்சின் பிழைத்தது. அவருக்கு எஞ்சின் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் (தனிக் காசு கட்டி எடுக்கும் கூடுதல் காப்பு) எடுக்கவில்லை என்பது காரணம்.

சொந்தக் காருக்கு இந்த ஆட்-ஆன் எங்கள் பக்கத்தில் கட்டாயம் என்றே சொல்வேன். புதுக் காராக இருந்தால், மொத்த நஷ்டத்தில் பில் தொகையே கிடைக்கும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் சேர்த்து எடுங்கள்.

லீஸ் காரில் பாலிசியை எடுப்பது கம்பெனி. ஆகவே கையெழுத்துக்கு முன் பாலிசியின் நகலைக் கேளுங்கள். எஞ்சின் பாதுகாப்பு இருக்கிறதா? வெள்ளத்தில் கார் மொத்தமாகப் போனால் இன்சூரன்ஸ் தரும் தொகை அவர்களுக்குப் போகும்; மீதி லீஸ் தொகை அதைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை யார் கட்டுவது? கார் ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் அந்த மாத வாடகை உண்டா? மூன்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

நோ கிளெய்ம் போனஸையும் யாரும் சொல்ல மாட்டார்கள். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் தள்ளுபடி ஏறும். அது காரோடு போகாது, பாலிசிக்காரரோடு வரும்; அடுத்த காருக்கும் எடுத்துப் போகலாம். லீஸில் பாலிசி கம்பெனி பெயரில் இருந்தால் மூன்று வருடம் கவனமாக ஓட்டிய பலன் உங்களுக்கு வராது.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் நானும் உயரமான இடம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் படி: லீஸ் பேப்பரில் தேட வேண்டியவை

நம்பர் போர்டு நிறம். வெள்ளை போர்டா, கருப்பில் மஞ்சள் எழுத்தா? வெள்ளை என்றால் பெரும்பாலும் ஆர்சி (பதிவுச் சான்று) உங்கள் பெயரில் இருந்து கம்பெனிக்கு அடமானம். கருப்பு என்றால் வாடகை வண்டி, ஆர்சி அவர்கள் பெயரில். கருப்பு போர்டில் திருப்பதி போனால் ஆந்திர எல்லையில் என்ன பேப்பர் கேட்பார்கள், யார் தருவார்கள் என்று முன்பே கேளுங்கள். எந்த ஊர்ப் பதிவு என்பதும் முக்கியம். தண்டையார்பேட்டையின் டிஎன் 03, செங்குன்றத்தின் டிஎன் 18 போலத் தமிழ்நாட்டு எண்ணாக இருந்தால் கவலையில்லை. வேறு மாநிலப் பதிவு என்றால் இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும்போது பதிவை மாற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது?

நடுவில் முடிக்கும் கட்டணம். முதல் வருடத்தில் எவ்வளவு, இரண்டாம் வருடத்தில் எவ்வளவு என்று எண்ணாக எழுதியிருக்க வேண்டும். "கம்பெனி விதிப்படி" என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் வாங்கும் விலை. சில லீஸில் முடிவில் ஒரு தொகை கட்டிக் காரை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை இன்றே எழுத்தில் இருக்கிறதா, அன்றைய சந்தை விலையா, ஜிஎஸ்டி சேருமா?

தேய்மான விளக்கம். எத்தனை சென்டிமீட்டர் கீறல் வரை மன்னிப்பு என்று படத்தோடு ஒரு கையேடு வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொல்கிறவரிடம் தெருவில் நிற்கும் காரை லீஸ் எடுக்காதீர்கள்.

பத்தாம் படி: செகண்ட் ஹேண்ட் என்னும் மூன்றாம் வழி

என் ஓட்டு இதற்குத்தான். சாலை வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார், முதல் மூன்று வருட விலைச் சரிவையும் அவரே தாங்கிவிட்டார், முதல் கீறலும் அவருடையதே. சிங்கிள் ஓனர், ஓன் போர்டு (சொந்த உபயோக வண்டி), மூன்று நாலு வருட வண்டியாகப் பாருங்கள். டி போர்டில், அதாவது டாக்ஸியாக, ஓடி வெள்ளைக்கு மாறிய வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆர்சியில் வரலாறு தெரியும், தவிர்க்கவும்.

கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) பார்த்தாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், சென்னை வண்டியில் முதலில் தேட வேண்டியது வெள்ளத் தடயம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்; அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், வாட்டர் வாஷில் அது போகாது. ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல், சீட்டுக்குக் கீழே அது நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை. புது கார்ப்பெட், புது சீட் கவர், பளபளக்கும் உள்பக்கம் என்றால் சந்தேகப்படுங்கள். 2023 டிசம்பரையொட்டி இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆகியிருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவில் கேளுங்கள். அப்புறம் நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத் துருவைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு யோசிக்காதீர்கள்.

எம்பரிவாகன் என்னும் அரசுச் செயலியில் அடமானம், இன்சூரன்ஸ் தேதி தெரியும். நிலுவைச் சலான்களையும் பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். "நாங்களே பெயர் மாத்திக் குடுக்கிறோம்" என்பவரிடம் மாற்றும் வரை பத்தாயிரமாவது பிடித்து வையுங்கள்.

பதினொன்றாம் படி: கையெழுத்துக்குப் பிறகு

லீஸ் கார் எடுத்த நாளிலேயே பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள்: நாலு பக்கம், கூரை, நாலு வீல், உள்பக்கம், ஓடோமீட்டர். அதை அன்றே கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்க இரண்டு மாதம் இருக்கும்போதே அவர்களுடைய ஆளை வரவழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்மில் போகக்கூடிய கீறலை அப்போதே முடித்துவிடலாம். மச்சான் இதைச் செய்திருந்தால் 38,000 பாதியாகியிருக்கும்.

லோனில் வாங்கியவர்கள் கடைசித் தவணை கட்டியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பேங்க் தரும் என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்னும் சான்று), இரண்டு பிரதி படிவம் 35, ஆர்சி, இன்சூரன்ஸ் நகல் இவற்றோடு ஆர்டிஓவில் விண்ணப்பித்து ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் அடமானப் பதிவை, கேன்சல் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் என்ஓசியைப் பீரோவில் வைத்தே நாலு வருடம் ஓட்டினார். விற்கப் போனபோது பழைய என்ஓசி செல்லாது என்று சொல்லி புதிதாக வாங்கி வர அனுப்பிவிட்டார்கள். லோன் கொடுத்த அந்தக் கிளை அதற்குள் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. வாங்க வந்தவர் மூன்று வாரம் காத்திருந்துவிட்டு வேறு காரை எடுத்துக்கொண்டார்.